சாய்நாத்துக்கு என்ன உத்தியோகம்

செம்பூர் சுப்புலக்ஷ்மிக்குப் பொய் சொல்ல வராது என்று அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். டெலிபோன் இலாகாவில் முப்பத்தோரு வருஷம் புகார் வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவள். லைன் எப்போது சரியாகும் என்று கேட்டு வருகிறவர்களிடம் 'நாளைக்கு' என்று சொல்லி அனுப்புகிற சாமர்த்தியம் ரிடையர் ஆகிற வரைக்கும் அவளுக்குக் கைவரவில்லை. "கேபிளே அறுந்து கிடக்கு, பதினஞ்சு நாளாகும்" என்று உள்ளதைச் சொல்லி, அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவாள். அப்படிப்பட்டவள், பெற்ற பிள்ளை விஷயத்தில், கட்டின புருஷனிடம், ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஒரு பொய்யைக் காப்பாற்றினாள்.

பெரிய பொய் ஒன்றுமில்லை. அவர்கள் ஒரே பிள்ளை சாய்நாத் இங்கிலாந்தில் பஸ் ஓட்டினான். அவன் அப்பா சந்திரமௌலி, பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

வயிறெரிகிற விஷயம் வேறு. இந்த மும்பை மாநகரத்தில் இங்கிலாந்து பஸ்களைப் பற்றி அடி முதல் நுனி வரை தெரிந்தவர் என்று ஒரே ஒருவரைத் தேடிப் பிடிப்பதானால், அது சந்திரமௌலியாகத்தான் இருக்கும்.

அவர் நகரத்தின் சிவப்பு பஸ் நிர்வாகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எங்கே டீ குடிக்க இறங்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுகிற பிரிவு. எண்பத்து மூன்றில் ஆபீஸ் லைப்ரரியை ஒழித்தபோது, பஸ் தொழிலுக்கென்றே வெளிவந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு சாக்கை இவர் தோளில் சுமந்து, அப்போது குடியிருந்த மாட்டுங்கா வீட்டுக்குக் கொண்டு வந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகாத சுப்புலக்ஷ்மி, சாக்கைப் பார்த்ததும் மனுஷன் பொறுப்பாக வெங்காயம் வாங்கி வந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டாள்.

அன்று பிடித்த பைத்தியம் அவரை விடவேயில்லை. லண்டன் பஸ்ஸை அவர் லட்சியம் பண்ணமாட்டார். "லண்டனை உலகமே பாத்துக்கறது. வெளியூர் பஸ்ஸை யார் பாக்கறா?" என்பார். முதல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் பட்டாளத்து லாரியை வாங்கி, அதில் பெஞ்சைப் பூட்டி, சந்தைக்கு ஆள் ஏற்றின கதையில் ஆரம்பிப்பார். ஆளுக்கொரு லாரியாக இருந்ததைப் பெரிய கம்பெனிகள் விழுங்கின. அந்தக் கம்பெனிகளில் ரயில்வேக்காரர்கள் பங்கு வாங்கினார்கள். இரண்டு பெரிய குடும்பங்கள் போல இரண்டு கூட்டத்தார் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அறுபத்தொன்பதில் சர்க்கார் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்து, நீ சிவப்பு, நீ பச்சை என்று பெயிண்ட் அடித்தது. ரிப்பிள், கிராஸ்வில், சௌத்டவுன் என்று ஒவ்வொரு கம்பெனி பெயரையும் சொந்தக்காரர்கள் பெயர் போலச் சொல்வார். அந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் ஏர்மெயிலில் கடிதம் எழுதினார். சிலபேர் மெனக்கெட்டு டைம்டேபிள் புத்தகங்களை அனுப்பி வைத்தார்கள். இங்கிலாந்து ஸ்டாம்பைப் பார்த்து, அங்கே ஏதோ பெரிய உத்தியோகம் வரப்போகிறது என்று சுப்புலக்ஷ்மி முதல் தடவை பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தாள்.

எண்பத்தாறு அக்டோபர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அங்கே யார் வேண்டுமானாலும் எந்த ரூட்டில் வேண்டுமானாலும் பஸ் விடலாம் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. அப்புறம் அந்த சர்க்கார் கம்பெனியைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்த்தார்கள். அதே வாரத்தில் சாய்நாத் சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தான். பிள்ளையின் நட்சத்திரம் என்ன என்று கேட்டால் சந்திரமௌலி சுப்புலக்ஷ்மி முகத்தைப் பார்ப்பார். அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து நின்று பேசுவார். கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்த துக்கம் அவருக்கு.

இத்தனை பிரியம் வைத்திருந்த மனுஷருக்கு பஸ் ஓட்டுகிறவர்களோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. ஆபீஸில் அவர் எழுதுகிற ட்யூட்டி சீட்டை வைத்துக்கொண்டு டிரைவர்கள் தினமும் ஜன்னலில் வந்து சண்டை போடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலைக் கொட்டுவார். சாய்நாத் ஒன்பதாவதில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்தபோது, "டபுள் டெக்கர்ல மணி அடிக்கத்தான் லாயக்கு நீ" என்றார். சுனாபட்டியில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி சுப்ரமணியனின் பிள்ளை வேலை போய் வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்தபோது, "ஸ்டீயரிங் பிடிக்கவா இன்ஜினியரிங் படிச்சான்?" என்று ஒரு விசேஷப் பந்தியில் எல்லோர் எதிரிலும் கேட்டார். அன்றைக்கு சுப்ரமணியன் இலையிலிருந்து பாதியில் எழுந்து போனார். சுப்புலக்ஷ்மி அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாய்நாத் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனான். அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தான். செம்பூர்ப் பெண் வந்தனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். வந்தனா நர்ஸ். அவளுக்கு ப்ரெஸ்டன் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்க, இருவரும் அங்கே குடி போனார்கள். "ப்ரெஸ்டனா? ரிப்பிள் ஊராச்சேடி அது!" என்று சந்திரமௌலி வீட்டுக்குள் மூன்று சுற்று நடந்தார். பழைய டைம்டேபிளை எடுத்து, பிள்ளை வீட்டு வாசலில் எந்த பஸ் நின்றிருக்கும் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பதினாலில் சாய்நாத்தின் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு ஒரு நாள் வீடியோ காலில் அவன் மஞ்சள் கோட்டோடு வந்து நின்றான். சந்திரமௌலி கறிகாய் வாங்க மாட்டுங்கா மார்க்கெட் போயிருந்தார்.

"என்னடா இது, முனிசிபாலிட்டிக்காரன் மாதிரி?" என்று சுப்புலக்ஷ்மி கேட்டாள்.

"அம்மா, நான் பஸ் ஓட்டறேன்மா."

"யாரோட பஸ்?"

"கம்பெனி பஸ்மா. ரூட் பஸ். ஜனங்கள் ஏறி இறங்கறதே, அது."

 இலையிலிருந்து எழுந்து போன சுப்ரமணியனின் முதுகு அவள் கண் முன்னால் வந்தது. மூன்று மாசத்துக்குத்தான் என்று சாய்நாத் சமாதானம் சொன்னான். மூன்று மாசம் ஆனதும் அவளே கேட்டாள். அவன் சிரித்தான்.

"எனக்கு இது பிடிச்சுப் போயிடுத்தும்மா. ஆபீஸ்ல இருந்தப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தைக் கலக்கும். இப்போ கலக்கறதில்லே. அப்பாகிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். தாங்கமாட்டார்டா. உங்கப்பாவுக்கு பஸ் பிடிக்கும், பஸ் ஓட்டறவாளைப் பிடிக்காது."

அவள் யோசித்துச் சொன்ன வாக்கியம் இல்லை அது. வாயில் வந்தது. ஆனால் சாய்நாத் அதைக் கேட்டு, "ஆமாம்மா, தெரியும்" என்றான். அந்த 'தெரியும்' அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. பொறுப்பு பாதி அவன் தலைக்குப் போய்விட்டதல்லவா?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே மாதிரி போயின. அப்பாவும் பிள்ளையும் இரண்டு நிமிஷம் பேசுவார்கள். எப்படி இருக்கே? நன்னா இருக்கேன்பா. குளிரா? குளிர்தான். இரு, அம்மாகிட்ட தரேன். மாட்டுங்கா கோவிலிலும் சயான் கச்சேரி ஹாலிலும் யாராவது, "சாய்நாத்துக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டால் சந்திரமௌலி, "கம்ப்யூட்டர்" என்பார். பக்கத்தில் நிற்கும் சுப்புலக்ஷ்மி புடவைத் தலைப்பைச் சரிசெய்வாள்.

சாய்நாத் சில சமயம் அப்பாவின் போனுக்கு பஸ் படங்கள் அனுப்புவான். ஆபீஸ் போகிற வழியில் எடுத்தேன் என்று எழுதுவான். சந்திரமௌலி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வண்டி யார் கட்டினது, இதற்கு முன்னால் அந்த ரூட்டில் என்ன ஓடியது என்று ஒரு முழம் நீளத்துக்குப் பதில் எழுதுவார். அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பி நிறுத்திக்கொள்வான். ஒரே ஒரு தடவை போனில், "அப்பா, இங்கே டிரைவர்களுக்கு நல்ல மரியாதை, தெரியுமோ? இறங்கறச்சே எல்லாரும் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறா" என்றான். சந்திரமௌலி டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "அது இருக்கட்டும், நீ உன் வேலையைப் பாரு" என்றார். சுப்புலக்ஷ்மி சமையலறையிலிருந்து இதைக் கேட்டாள். தான் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து இருபது ஏப்ரலில் சாய்நாத் போய்விட்டான். கொரோனா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முப்பத்து மூன்று வயசு. எழுதுவதற்கு இதற்கு மேல் கை வரவில்லை.

விமானம் கிடையாது, ரயில் கிடையாது, கீழே கேட்டுக்கு வெளியே போகக்கூட போலீஸ் விடவில்லை. தகனத்தை போனிலேயே காட்டுவார்கள், லிங்க் அனுப்புகிறேன் என்று வந்தனா சொன்னாள். லிங்க் சுப்புலக்ஷ்மியின் போனுக்கு வந்தது. நம் நேரத்துக்கு மத்தியானம் மூன்றரை மணி. சந்திரமௌலி மூன்று மணிக்கே குளித்து, ஈர வேஷ்டியோடு சோபாவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையின் முகத்தைக் காட்டுவார்களா என்று நாலு தடவை கேட்டார்.

படம் வந்தது. மரங்கள் உள்ள ஒரு தெரு. இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பஸ்ஸின் முன்னாலும் மஞ்சள் கோட்டு போட்ட ஆண்களும் பெண்களும் ஆளுக்காள் தள்ளித் தள்ளி, தலையைக் குனிந்து நின்றார்கள். தூரத்தில் கறுப்பு வண்டி திரும்பி வருவது தெரிந்தது. சந்திரமௌலி அப்போது கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுப்புலக்ஷ்மி போனை அணைத்தாள்.

"நெட் போயிடுத்துன்னா," என்றாள்.

"மறுபடி போடு."

அவள் எதையோ அமுக்கினாள். "வரலை."

"பக்கத்தாத்துல வைஃபை கேளு."

"அவா கதவே திறக்கறதில்லே இப்போ."

அவர் கையை நீட்டியபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், போனை வாங்கிக்கொள்வதற்கு. அந்தக் கை அவள் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. கொடுத்துவிட அவளுக்கு அரை மணி நேரம் இருந்தது. பிள்ளை போன துக்கத்தோடு பிள்ளை டிரைவர் என்ற இடியும் சேர்ந்து விழுந்தால் மனுஷர் அந்த சோபாவிலேயே போய்விடுவார் என்று அவள் மனசார நம்பினாள். நாலு மணிக்கு அவர் எழுந்து போய் மறுபடி குளித்தார். பதிவு செய்த படத்தை வந்தனா இரண்டு நாள் கழித்து அனுப்பினாள். சுப்புலக்ஷ்மி அதைப் பார்க்காமலே அழித்தாள்.

பொய் அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சந்திரமௌலிக்கு ஒரே ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு வியாதி எப்படி வந்தது? யோசித்து யோசித்து அவரே பதிலைக் கண்டுபிடித்தார். பெண்டாட்டி நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து அவள்தான் கொண்டு வந்திருக்கிறாள்.

வந்தனா வேலை பார்த்தது கண் பிரிவில். மார்ச்சிலேயே அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அவள் வீட்டில்தான் இருந்தாள். சாய்நாத்தான் தினமும் டெப்போவுக்குப் போனான். ஆஸ்பத்திரி ஊழியர்களை வேலைக்குக் கொண்டு விடுகிற ரூட் அவனுடையது. இதெல்லாம் சுப்புலக்ஷ்மிக்குத் தெரியும். ஒரு தடவை மென்று விழுங்கி, "அவ வார்டே மூடியிருந்ததாம்னா" என்று சொல்லிப் பார்த்தாள்.

"யார் சொன்னா? அவளேதானே சொன்னா?" என்றார் சந்திரமௌலி.

வந்தனா போன் செய்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். மூன்று வருஷம் அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தனாவுக்குக் காரணம் புரியாமல் இல்லை. சுப்புலக்ஷ்மி கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புருஷன் போய்விட்டான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மீறி ஞாபகம் வந்தபோதெல்லாம் சுப்புலக்ஷ்மி அடுப்பைத் துடைக்கப் போய்விடுவாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டிசம்பர் கடைசியில் வந்தனா போன் செய்தாள்.

"அம்மா, ஜனவரி பத்தாம் தேதி மும்பை வரேன். நம்மாத்துக்கும் வருவேன். வந்து பொய் சொல்லமாட்டேன். அதுக்குள்ளே நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்கோ."

குரலில் கோபமில்லை. களைத்துப்போயிருந்தாள்.

சுப்புலக்ஷ்மிக்குப் பதினோரு நாள் கிடைத்தது. முதல் நாள் தேங்காய் துருவும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் சீரகம் தீர்ந்துபோனதைப் பற்றி ஏதோ கேட்டார், விட்டுவிட்டாள். மாட்டுங்காவில் பூ வாங்கும்போது, ஜனநடமாட்டம் இருப்பதால் சத்தம் போடமாட்டார் என்று கணக்குப் போட்டாள். பூக்காரி பாக்கிச் சில்லறை கொடுப்பதற்குள் தைரியம் ஓடிப்போனது. சயான் ஹாலில் கச்சேரி இடைவேளை. காபி டம்ளரோடு வாயைத் திறந்தே விட்டாள். எங்கிருந்தோ கோவில் சிநேகிதி விசாலாக்ஷி மாமி வந்து, பிள்ளைக்கு அங்கே கம்பெனியிலிருந்து நஷ்ட ஈடு வந்ததா, பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியாச்சே என்று விசாரித்தாள். சந்திரமௌலி தலையைக் குனிந்துகொண்டார். சுப்புலக்ஷ்மி அன்றோடு முயற்சியை விட்டாள். வந்தனா சின்னப் பெண், நேரில் கையைப் பிடித்துக் கெஞ்சினால் கேட்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பதினொன்றாம் தேதி காலை வந்தனா வந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரை. நமஸ்காரம் பண்ணக் குனிந்தவளைப் பார்க்காமல் சந்திரமௌலி பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். சுப்புலக்ஷ்மி அவளைச் சமையலறைக்குள் இழுக்கப் பார்த்தாள். வந்தனா நகரவில்லை.

"அப்பா, உங்களைப் பாக்கத்தான் வந்தேன்," என்றாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் பேசினார். மூன்று வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"என்னைப் பாக்க என்ன இருக்கு? ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டு வந்து அவனுக்குக் கொடுத்தே. அவன் போயிட்டான். நீ நன்னா இருக்கே. சந்தோஷம்."

வந்தனா அழவில்லை. தலையைத் திருப்பி சுப்புலக்ஷ்மியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று பார்த்தாள்.

"அவ கொண்டு வரலை," என்றாள் சுப்புலக்ஷ்மி. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "அவ வீட்டோட இருந்தா. அவன்தான் வெளியிலே போனான். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியிலே இல்லேன்னா. ஆறு வருஷமா பஸ் ஓட்டிண்டிருந்தான்."

பேப்பர் கீழே இறங்கியது.

அவள் மூன்று விதமாக எதிர்பார்த்திருந்தாள். கத்துவார், மார்பைப் பிடித்துக்கொள்வார், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் எதையும் செய்யவில்லை.

"எங்கே?" என்றார்.

"என்ன எங்கே?"

அவர் அவளைக் கேட்கவில்லை. வந்தனாவைப் பார்த்துக் கேட்டார். "எந்த டெப்போ?"

வந்தனா ஊர்ப் பெயரைச் சொன்னாள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், செங்கல் கட்டடம் என்றாள்.

"அது ரிப்பிளோட டெப்போன்னோ!" என்று யாரோ எதிரில் நிற்கிற சிநேகிதரிடம் சொல்வது போல அவர் எழுந்து நின்றார். "பழைய கட்டடம் அது. இடிக்கலையா இன்னும்? அங்கேர்ந்தா எடுத்தான் வண்டியை? எந்த ரூட்? கிளித்தரோ போனானா? அங்கே மேடு ஜாஸ்தியாச்சே, பனியிலே எப்படி ஓட்டினான்? டபுள் டெக்கர் கொடுத்தாளா அவனுக்கு?"

"கொடுத்தாப்பா," என்றாள் வந்தனா. "மேலே முன் சீட்டுல என்னை உக்கார வெச்சு ஒரு நாள் முழுக்க சுத்தினான்."

சந்திரமௌலியின் முகம் மலர்ந்திருந்தது. நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணின சுப்புலக்ஷ்மி அந்த முகத்தைப் பார்த்ததேயில்லை. பிள்ளை பிறந்த அன்றுகூட இப்படி இல்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். பிள்ளை செத்துப்போனதை ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், மறந்து சந்தோஷமாக இருந்தார். அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இந்த முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லலை எங்கிட்ட?" என்று கேட்டார். "அவனுக்கு வேண்டாம்னு தோணித்தா?"

 இதை சுப்புலக்ஷ்மி சொல்லியாக வேண்டும்.

"அவன் சொல்றேன்னான். நான்தான் வேண்டாம்னேன். நீங்க தாங்கமாட்டேள்னு..."

"நானா?"

"சுப்ரமணியன் பிள்ளையைச் சொன்னேளே. மணி அடிக்க லாயக்குன்னு இவனைச் சொன்னேளே."

 தான் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்தார். "சொன்னேன்," என்றார் கடைசியில். "சொல்லியிருக்கேன். ஆனா அவன் ஒரு தடவை சொல்லியிருந்தா, அந்த ஊர்லே எந்த வளைவுலே திருப்பணும்னுகூட நான் சொல்லியிருப்பேனேடி. ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம் என்ன பேசறதுன்னு தெரியாம உங்கிட்ட போனைக் கொடுத்தேனே."

வந்தனாவிடம் தகனத்துப் படம் இருந்தது. அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை போனைத் தானே பிடித்துக்கொண்டார். சுப்புலக்ஷ்மி அவர் தோளுக்குப் பின்னால் நின்று முதல் தடவையாக அதைப் பார்த்தாள். மரங்கள், பஸ்கள், மஞ்சள் கோட்டுகள். கறுப்பு வண்டி அருகே வர வர ஒவ்வொரு பஸ்ஸும் முன்விளக்கை ஏற்றியது. ஊர்ப் பெயர் எழுதிவரும் நெற்றியில் எல்லா பஸ்களிலும் சாய்நாத்தின் பெயர் ஓடியது. சந்திரமௌலி வாய்விட்டு அதைப் படித்தார், ஒவ்வொரு பஸ்ஸாக. ஒன்பது பஸ்கள்.

முடிந்ததும் திரும்பாமலே கேட்டார். "அன்னிக்கு நெட் போயிடுத்துன்னியே."

அவள் அடுப்பைத் துடைக்கப் போனாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

அவர் வந்தனாவிடம் மன்னிப்புக் கேட்டார். நேராக, எழுந்து நின்று, கை கூப்பிக் கேட்டார். வந்தனா அப்போதுதான் அழுதாள். மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். சுப்புலக்ஷ்மி பரிமாறினாள். போகும் முன் வந்தனா, சாய்நாத்தோடு அந்த டெப்போவில் வேலை பார்த்த பைசான் என்பவரின் நம்பரைக் கொடுத்தாள். பைசானின் குடும்பம் சூரத் பக்கத்திலிருந்து போனது. ஹிந்தி நன்றாகப் பேசுவார். சாய்நாத்துக்கு மலை ரூட்டைக் கற்றுக்கொடுத்ததே அவர்தானாம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சந்திரமௌலி பைசானோடு பேசுகிறார். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். சுப்புலக்ஷ்மி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் பைசான் பேசுவது அவளுக்குக் கேட்காது. "அச்சா? ஃபிர்? ஃபிர் க்யா கியா உஸ்னே?" என்று அவர் கேட்பது மட்டும் கதவு வழியாக வரும். அப்புறம் அவன் என்ன செய்தான் என்று கேட்கிறார். பதில் அவர் காதோடு நின்றுவிடுகிறது. நடுநடுவே சிரிப்பார். ஒரு நாள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

அவள்மேல் அவருக்குக் கோபமில்லை. காபி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்கிறார். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இருவரும் சேர்ந்துதான் கோவிலுக்குப் போகிறார்கள். இப்போது யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "பஸ் டிரைவர், லங்காஷயர்லே" என்று தலையை நிமிர்த்திச் சொல்கிறார். விசாலாக்ஷி மாமிக்கு மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் கதவைத் திறந்துகொண்டு வரும்போது சுப்புலக்ஷ்மி கேட்கிறாள்.

"என்ன சொன்னார்னா? சாயியைப் பத்தியா?"

அவர் போனை வேஷ்டி நுனியால் துடைத்து அலமாரியில் வைக்கிறார்.

"ஒண்ணுமில்லே," என்கிறார். "பஸ் விஷயம்."